சீழ்க்கட்டி வந்த சுகர் பூனைக்கு இன்சுலினைக் கூட்டுவதா, நிறுத்துவதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒன்பது வயது ஆண் பூனை, கருத்தடை செய்தவன், எடை 5.8 கிலோ, எட்டு மாதமாகச் சர்க்கரை நோய், காலையும் இரவும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 2 யூனிட். தெருப்பூனையோடு சண்டை போட்டு வால் அடியில் கடி வாங்கி, அது சீழ் வைத்து, மூன்று நாளைக்கு முன் டாக்டர் கீறிச் சீழை எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊசிக்கு முன் 230, 250 என்று இருந்த சுகர் இப்போது 410. சாப்பாடு பாதியாகிவிட்டது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவருடைய டாக்டர் யூனிட்டைக் கூட்டினாரே, இவனுக்கும் 3 ஆக்கிவிடலாமா என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, சரியாகச் சாப்பிடாத பூனைக்கு ஊசி போட்டால் சுகர் இறங்கிச் செத்துவிடுமே, இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்றும் கேட்கிறீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதிலேயே உங்கள் பயம் தெரிகிறது. இன்று இரவு எட்டு மணிக்கு அந்த ஊசியைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்பதுதான் நிஜமான கேள்வி என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர். இருபது வருடத்துக்கு மேலாக நாயும் பூனையும்தான் என் பிழைப்பு. ஆரம்பத்தில் வருடத்துக்கு ஒரு சுகர் பூனை வந்தால் பெரிய விஷயம், இப்போது அபார்ட்மென்ட்டில் குண்டாக உட்கார்ந்திருக்கும் பூனைகள் பெருகிவிட்டதால் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் பூனையை நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஈறு எப்படி இருக்கிறது, தோளில் தோலை இழுத்துவிட்டால் உடனே படிகிறதா, சீழ் முழுக்க வடிந்ததா என்பதெல்லாம் தெரியாமல் ‘இத்தனை யூனிட் போடுங்கள்’ என்று எழுத மாட்டேன், எழுதினாலும் நீங்கள் கேட்கக் கூடாது. ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்க்காமலே சொல்லலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்களாகக் கூட்டவும் கூட்டாதீர்கள்.

சுகர் ஏன் 410க்குப் போனது? உடம்பில் எங்காவது கிருமி புகுந்தால் கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் என்கிற ஹார்மோன்கள் எல்லாம் ஏறும். இவை மூன்றும் இன்சுலினுக்கு எதிர்க்கட்சி. கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் கொட்ட வைக்கும். அதோடு சீழ் வைத்த இடத்தில் எதிர்ப்புச் செல்கள் விடுகிற ரசாயனங்களும் சேர்ந்து, தசையும் கொழுப்பும் இன்சுலினுக்கு மசியாமல் செய்துவிடும். ஆக நேற்று வரை வேலை செய்த அதே 2 யூனிட் இன்றைக்குப் பாதி வேலைதான் செய்யும். இது எதிர்பார்க்க வேண்டியதுதான், இன்சுலின் கெட்டுப்போய்விட்டது என்றோ நோய் முற்றிவிட்டது என்றோ அர்த்தம் இல்லை. வால் அடிக் கட்டி மாதிரியே பல் ஈறு, மூத்திரப்பை, சளிக்காய்ச்சல் எல்லாம் இதைச் செய்யும். மூத்திரத் தொற்று சுகர் பூனைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்கு இருக்கும், அதில் பாதி முக்குவதும் இல்லை, ரத்தமும் காட்டுவதில்லை. ஒருவேளை புண் ஆறிய பிறகும் சுகர் இறங்க மறுத்தால் அடுத்து மூத்திரத்தையும் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறுத்தாதீர்கள் என்றேன் இல்லையா, அதற்குக் காரணம் கீட்டோன். இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கும், அந்தப் புகைதான் கீட்டோன். ஆரோக்கியமான சுகர் பூனைக்கு ஒரு வேளை ஊசி தவறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, நானே பலரிடம் ‘மறந்துட்டீங்களா, விடுங்க, அடுத்த வேளை போடுங்க’ என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் தொற்று இருக்கும் உடம்பு, பாதிப் பட்டினி, அதோடு இன்சுலினும் இல்லை என்றால் அது வேறு கணக்கு. கீட்டோன் குவிந்து ரத்தம் அமிலமாகும், வாந்தி வரும், தண்ணீர் இறங்காது, பூனை சுவரைப் பார்த்துச் சுருண்டு உட்கார்ந்துவிடும். நான் பார்த்த கீட்டோன் பூனைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வந்தன: ஏதோ ஒரு தொற்றோ கணைய அழற்சியோ, ‘சாப்பிடலை, அதனால ரெண்டு நாள் ஊசி போடலை’. அந்த நிலைக்கு வந்துவிட்டால் வீட்டில் செய்ய எதுவும் இல்லை. ஐசியூ மாதிரி சலைன், மணிக்கணக்கில் இன்சுலின், கூடவே பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்சுலின் உள்ளே போனதும் இவை இரண்டும் ரத்தத்தில் சடாரென்று இறங்கும்.

கூட்டாதீர்கள் என்பதற்கு என் சொந்தக் கதையையே சொல்கிறேன், பெருமைப்பட ஒன்றுமில்லை. தொழிலுக்கு வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். உங்கள் பூனை போலவே ஒருவன், கன்னத்தில் கட்டி, சுகர் 400க்கு மேல். நான் 2 யூனிட்டை 3 ஆக்கினேன், இரண்டு நாள் கழித்தும் இறங்கவில்லை என்று 4 ஆக்கினேன். கட்டி அழகாக ஆறியது. எனக்கும் திருப்தி, வீட்டுக்காரருக்கும் திருப்தி, யாருக்கும் யூனிட்டைப் பழையபடி இறக்கத் தோன்றவில்லை. ஒன்பதாவது நாள் விடியற்காலையில் போன். பூனை டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்கி வழுக்கி நடந்தது, அப்புறம் சமையலறை வாசலில் விழுந்து வலிப்பு வந்துவிட்டது. ஈறில் தேனைத் தடவச் சொல்லிவிட்டு ஓடினேன், பிழைத்துவிட்டான். அன்றைக்கு அவனுடைய சுகர் 31. தொற்று போனதும் எதிர்க்கட்சி கலைந்துவிட்டது, நான் ஏற்றிவைத்த 4 யூனிட் மட்டும் அப்படியே நின்றது. தொற்றில் ஏறும் சுகரைக் காட்டிலும், தொற்று ஆறும்போது இறங்கும் சுகருக்குத்தான் அன்றிலிருந்து நான் அதிகம் பயப்படுகிறேன்.

இன்னொன்று, கிளார்ஜின் மெதுவான மருந்து. யூனிட்டை மாற்றினால் அதன் முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாள், சில பூனைகளில் ஒரு வாரம்கூட ஆகும். தினம் சுகரைப் பார்த்துத் தினம் யூனிட்டை மாற்றுகிறவர் நேற்றைய மருந்தின் பலனை இன்று அளந்து நாளைக்குக் கூட்டிக்கொண்டிருப்பார். உங்கள் அப்பாவுக்குக் கூட்டியதும் சரியாக இருக்கலாம், அவர் ‘தலை சுத்துது, வேர்க்குது’ என்று வாயால் சொல்வார், பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு பூனைக்கு 410 என்பது ஒரு வாரம் தாங்கக்கூடிய எண். 31 அரை மணி நேரம்கூடத் தாங்காது. வாய்ப்புண் மாதிரி வாரக்கணக்கில் இழுக்கிற தொற்றில், தொடர்ந்து பல நாள் எண்கள் உயரமாகவே இருந்து, பூனையும் நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் அரை யூனிட் கூட்டுவதை நானும் செய்வேன், ஆனால் அதை என்றைக்கு இறக்குவது என்று அதே சீட்டில் எழுதிவிட்டுத்தான் செய்வேன்.

சரி, இன்று இரவு. ஊசிக்கு முன் மூன்றைப் பாருங்கள்: சாப்பிட்டானா, வாந்தி எடுத்தானா, சுகர் எவ்வளவு. வழக்கமான சாப்பாட்டில் பாதியாவது சாப்பிட்டுவிட்டான், வாந்தி இல்லை, சுகர் 200க்கு மேல் என்றால் வழக்கமான யூனிட்டையே போடுங்கள். உங்கள் வர்ணனைப்படி இன்றைக்கு இதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது, ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான், சுகரோ 300க்கு மேல் என்றால் வழக்கமாகப் போடுகிற யூனிட்டில் பாதியைப் போட்டுவிட்டு அன்றைக்கே டாக்டருக்கு போன். சாப்பிடவே இல்லை அல்லது வாந்தி எடுக்கிறான் என்றால் எண் எதுவாக இருந்தாலும் ஆஸ்பத்திரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். புறப்படும் முன்பே போனில் கேளுங்கள், சுகர் உயரமாக இருந்தால் பாதி போட்டுவிட்டு வரச் சொல்வார்கள், 150க்குக் கீழே இருந்தால் அந்த வேளையை விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். 150க்கும் 300க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சாப்பாடும் அரைகுறை என்றால், அங்கே ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொன்று சொல்வார், உங்களுடையவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டு ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

இந்தப் ‘பாதி யூனிட்’ விதியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் இல்லாவிட்டால் கீட்டோன் வரும், தொற்று ஆறினால் யூனிட் தேவை குறையும் என்பதெல்லாம் உறுதியான விஷயம். பாதி என்பது அப்படி அல்ல; நடைமுறையில் பல வருடம் வேலை செய்ததால் நாங்கள் கைக்கொள்கிற பழக்கம் அது, முக்கால் போட்டாலும் தப்பென்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எண்களும் அப்படித்தான். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் பூனை ரத்தத்தில் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் பிளாஸ்மாவில்தான் இருக்கிறது, நமக்குச் சிவப்பணுக்களிலும் கணிசமாக இருக்கிறது, மீட்டர் நம் கணக்கில் செய்தது. எப்போதும் ஒரே மீட்டரையே பயன்படுத்தினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதாவது நம்பும்படி இருக்கும். ரத்தசோகை இருந்தால் அதே மீட்டர் கூட்டியும் காட்டும். தோலில் ஒட்டுகிற சென்சார் நல்ல விஷயம், காது குத்துகிற தொல்லை இல்லை, ஆனால் உடம்பு வற்றிப்போன பூனையில் அதன் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள், ‘லோ’ என்று காட்டினால் ஒரு சொட்டு ரத்தத்திலும் சரிபார்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் எடுத்த எண்ணை நான் பாதிதான் நம்புவேன், பயந்த பூனைக்குச் சுகர் நோயே இல்லாமல்கூட 300 போகும்.

காதில் எடுப்பதற்கு ஒரு வழி. பழைய காலுறையில் அரிசி போட்டுக் கட்டி, மைக்ரோவேவில் கொஞ்சம் சூடு பண்ணி, உங்கள் உள்மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் காது மடலில் அரை நிமிடம் ஒற்றுங்கள். விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடும், அதன் மேலேயே குத்தாமல் அதற்கும் விளிம்புக்கும் நடுவில் குத்துங்கள், காதுக்குப் பின்னால் மடித்த டிஷ்யூ இருந்தால் உங்கள் விரலைக் குத்திக்கொள்ள மாட்டீர்கள். முடிந்ததும் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் பிடித்த தீனி ஒரு துண்டு. இரண்டு வாரத்தில் அரிசி மூட்டையைப் பார்த்ததும் அவனே மடியில் வந்து உட்காருவான்.

கீட்டோனுக்கு மெடிக்கலில் சுகரும் கீட்டோனும் சேர்த்துக் காட்டுகிற மூத்திர ஸ்ட்ரிப் கேட்டு வாங்கி வையுங்கள். பூனை குத்தவைக்கும்போது பின்னாலிருந்து ஒரு குழிக்கரண்டியை நீட்டினால் போதும், முதல் தடவை முறைக்கும், அப்புறம் பழகிவிடும். அதில் கீட்டோன் லேசாக நிறம் மாறினாலும், தொற்று இருக்கிற இந்த நாட்களில், அன்றைக்கே டாக்டர். ஆனால் ஸ்ட்ரிப் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் நிம்மதி அடையாதீர்கள்: அது காட்டுவது அசிட்டோ அசிட்டேட் என்ற ஒரு வகையை, ஆரம்பத்தில் அதிகம் இருப்பதோ பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்ரேட் என்ற இன்னொரு வகை, அதை ரத்தத்தில் பார்க்கிற மீட்டரில்தான் பிடிக்க முடியும். வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை வரும் என்பார்கள், சிலர் மூக்குக்கு அது தெரியவே தெரியாது. என் கணக்கில் ஸ்ட்ரிப்பைவிட, வாசனையைவிட, பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டதா என்பதுதான் நம்பகமான அறிகுறி. மண் தட்டைச் சுற்றி எறும்பு மொய்ப்பது சுகர் மூத்திரத்தில் இறங்குகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த ஒரு வாரம் கண்டிப்பு வேண்டாம். மாவுச்சத்து குறைந்த சாப்பாடுதான் சுகர் பூனைக்கு நல்லது என்று நானே சொல்லியிருப்பேன், ஆனால் உடம்பு முடியாத நேரத்தில் எதைத் தின்றாலும் சரி, தின்றால் போதும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து மஞ்சள் காமாலை வந்துவிடும், அது தனிப் போராட்டம். மத்தி, நெத்திலி, வேகவைத்த கோழி, எதையும் லேசாகச் சூடாக்கி வையுங்கள், மணம் எழுந்தால்தான் பூனை திரும்பிப் பார்க்கும். கோழிச்சாறு கொடுப்பதானால் வெங்காயமும் பூண்டும் சேராததாக இருக்கட்டும், இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். தட்டை முகர்ந்து உதட்டை நக்கிக்கொண்டு விலகினால் அது குமட்டல், பசி இல்லாமை அல்ல; குமட்டலுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். வாயில் திணித்து ஊட்டாதீர்கள், அந்தச் சாப்பாட்டையே அவன் ஆயுசுக்கும் வெறுத்துவிடுவான்.

மருந்தில் இரண்டு எச்சரிக்கை. காய்ச்சலடிக்கிறது என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கால் மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள், பூனைக்கு அது விஷம், கொன்றுவிடும். அடுத்தது ஸ்டீராய்டு. வீக்கம் வற்ற, வாய்ப்புண் ஆற என்று டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ போடுவது உண்டு, அவசரத்தில் வேறு டாக்டரிடம் போனால் முதல் வாக்கியமே ‘இவனுக்குச் சுகர் இருக்கு, இந்த ஊசியில் ஸ்டீராய்டு உண்டா?’ என்று இருக்கட்டும். ஒரு தடவை போட்டால் வாரக்கணக்கில் நிற்கிற டெப்போ ஊசி என்றால் சுகர் அத்தனை வாரமும் ஆடும். அப்பாவுக்குச் சுகரை மூத்திரத்தில் தள்ளுகிற ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிகிற மாத்திரை இருந்தால் அதையும் பூனைப் பக்கம் கொண்டுவராதீர்கள். அந்த வகையில் பூனைக்கென்றே இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2022, 2023இல் அனுமதி கிடைத்தது உண்மை, ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொள்கிற பூனைக்கு அவை கிடையாது, சுகர் எண் சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடும்.

இனி கவனிக்க வேண்டியது ஆறுகிற நாட்கள். ஆன்டிபயாடிக் வேலை செய்யத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து பத்து நாள் வரை, அதாவது உங்களுக்கு இன்றிலிருந்தே, ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் சுகர் பாருங்கள், முடிந்தால் ஊசி போட்டு ஐந்தாறு மணி நேரத்தில் இன்னொரு தடவை. பசி திரும்பி, முதுகை நக்க ஆரம்பித்துவிட்டான் என்றால் சந்தோஷத்தோடு மீட்டரையும் எடுங்கள். ஊசிக்கு முன் 150க்குக் கீழே, அல்லது நடுவில் 80க்குக் கீழே வந்தால் யூனிட்டைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் அன்றைக்கே பேசுங்கள். தள்ளாடுவது, வெறித்துப் பார்ப்பது, பேய்ப்பசி, இதெல்லாம் இறங்கும் சுகர். நீண்ட நாள் சுகரால் நரம்பு கெட்டுக் குதிகாலை ஊன்றி நடக்கிற பூனையும் உண்டு, அது வாரக்கணக்கில் மெல்ல வருவது, இது பத்து நிமிடத்தில் வருவது. தேனையோ, குளுக்கோஸ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தோ விரலால் ஈறில் தடவுங்கள், நினைவில்லாத பூனையின் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். தெளிந்ததும் சாப்பாடு, அப்புறம் ஆஸ்பத்திரி.

கடைசியாக உங்கள் கேள்வியில் ஓர் இடம் என்னை உறுத்துகிறது. ‘மெடிக்கலில் கொடுத்த இன்சுலின் சிரிஞ்சில் 2 கோடு வரை எடுக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த சிரிஞ்ச்? நம் ஊர் மெடிக்கலில் இரண்டு கிடைக்கும், சிவப்பு மூடி யூ-40 (மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு), ஆரஞ்சு மூடி யூ-100 (மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு). கிளார்ஜின் யூ-100. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். இதை ஒன்றிரண்டு தடவை அல்ல, பல தடவை பார்த்திருக்கிறேன். இப்போதே குப்பைக்கூடையில் கிடக்கும் மூடியின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் மேலே சொன்னபடி. சிவப்பு என்றால் பதறிப்போய் இன்று இரவே சிரிஞ்சை மாற்றி ‘சரியான’ 2 யூனிட் போட்டுவிடாதீர்கள், எட்டு மாதமாக 5 யூனிட்டில் இருந்த பூனைக்குத் தொற்றின் நடுவில் பாதிக்கு மேல் குறைத்ததாகிவிடும். டாக்டரைக் கூப்பிட்டு, இவ்வளவு நாளாக நிஜத்தில் போனது 5 என்பதைச் சொல்லி, எத்தனையிலிருந்து எத்தனைக்கு, எத்தனை நாளில் இறக்குவது என்று அவரிடம் கேட்டுவிட்டு ஊசியை எடுங்கள்.